பட்டறைக்கு முதல் ஆள்

இந்தியாவில் கடை, பட்டறை, சிறுதொழில் என்று நடப்பவற்றுள் பெரும்பாலானவற்றில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. 2013-இல் தொடங்கிய ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, பயிர்த்தொழிலும் அரசு நிர்வாகமும் நீங்கலாக நாட்டின் தொழில்களை எண்ணியது. அது கண்ட 5.85 கோடி நிறுவனங்களில் ஏறத்தாழ 4.2 கோடி, அதாவது நூற்றுக்கு 72, உரிமையாளரும் அவர் வீட்டாரும் மட்டுமே நடத்துபவை. ஐம்பது பேர் உள்ள ஆலை நூறு பேரைச் சேர்த்தால் அது செய்தியாகிறது, அரசு ஊக்கத்தொகையும் தருகிறது. யாருமே இல்லாத பட்டறையில் முதல் ஆள் சேர்வது யார் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் ஒரு சிறு தொழிலின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அடி வேறில்லை. அந்த அடியை வடசென்னையின் விம்கோ நகரை வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஒருபுறம் பெரிய கம்பெனிகளும் மறுபுறம் ஒற்றை ஆள் பட்டறைகளும் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்துவரும் ஊர் அது.

ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனிதான் விம்கோ. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் பெயரே சுற்றியிருந்த குடியிருப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் வந்தது. விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டு என்ஃபீல்டு இந்தியா உருவாகி, அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. கார்போரண்டம் யுனிவர்சல் வந்தது, எம்.ஆர்.எஃப். வந்தது. இந்த ஆலைகளுக்குப் போல்ட் கடைந்து, தகடு வெட்டி, பற்றவைத்துக் கொடுக்கும் பட்டறைகள் சந்துகளில் முளைத்தன. வேலை என்றால் என்ன என்று இந்த வட்டாரம் கற்றுக்கொண்டது ஆலைகளிடம்தான்: சங்கு, ஷிப்ட், கேண்டீன், பி.எஃப்., தீபாவளி போனஸ். அதனால் இங்கே பட்டறைக்காரர் முதல்முறையாக ஆள் தேடும்போது, வருகிறவரின் வீட்டில் கேட்கிற கேள்வி, “கம்பெனி வேலையா, பட்டறை வேலையா?” என்பது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது சம்பளத் தொகை மட்டும் அல்ல. கை போனால் யார் பார்ப்பார்கள், கடைசிக் காலத்தில் ஏதாவது வருமா என்பதும் சேர்ந்தே கேட்கப்படுகிறது.

இதே திருவொற்றியூரில்தான் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அவர் வசதியான குடும்பத்துப் பிள்ளை. தந்தை மலையாள மனோரமாவின் ஆசிரியர். ஆனால் 1938-இல் குடும்பம் சார்ந்திருந்த திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது, தந்தை சிறைக்குப் போனார். பலூன் கொட்டகை அந்தச் சரிவுக்குப் பிறகு வந்தது. 1949-இல் தம்புசெட்டித் தெரு 334-ஆம் எண்ணில் அலுவலகம், 1952-இல் பழைய டயருக்கு மேற்பூச்சாக ஒட்டும் டிரெட் ரப்பர், 1961-இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு டயர் என்று அது வளர்ந்தது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் டயருக்கும் பங்குச் சந்தைக்கும் தாவிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கொட்டகைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே உள்ள அந்த மூன்று ஆண்டுகள். செய்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் வரை தொழிலின் அளவு அந்த ஆளின் ஒரு நாளின் அளவுதான். அதைத் தாண்ட இன்னொருவரின் நாள் வேண்டும்.

ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்கு இருபது அடி இடம், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஒரு கிரைண்டர். ஓனரே டர்னர். காலையில் ஜாப் வந்தால் கம்பி வாங்கச் சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். ஷட்டர் இறங்கிவிடும். முடித்த ஜாப்பைக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் இறக்கி, சலானில் கையெழுத்து வாங்க அரை நாள். பில் பாஸ் ஆயிற்றா என்று கேட்கப் போனால் இன்னொரு அரை நாள். லேத்துக்குக் கட்டும் கடன் தவணை மட்டும் மிஷின் சும்மா நிற்கும் நேரத்துக்கும் சேர்த்தே ஓடுகிறது. இங்கே அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இன்னொரு டர்னர் அல்ல. கம்பி வாங்கி வரவும், பர் தேய்க்கவும், சலான் கொடுக்கவும் நம்பகமான ஒரு கை. ஆனால் முதல் ஆளைத் தேடும் பலரும் தம்மைப் போலவே ஒருவரைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும் சம்பளமும் கட்டாது, அவரும் சில மாதங்களில் சொந்தமாக லேத் போட்டுப் போய்விடுவார். எந்த வேலை தன் கையை விட்டுப் போகலாம் என்று தெளிவதுதான் ஆள் தேடுவதற்கு முந்தைய வேலை. பத்து நாள் ஒரு நோட்டில் எந்த மணி நேரம் எதற்குப் போனது என்று எழுதிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

அடுத்தது சனிக்கிழமை. பட்டறைச் சம்பளம் வாரச் சம்பளம். வாரத்துக்கு 3,500 ரூபாய் என்று பேசியிருந்தால் அது சனி மாலை கையில் இருந்தாக வேண்டும். கம்பெனியிடமிருந்து வரும் பணம் அப்படி வராது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறுதொழிலிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி. 45 நாள் என்பதே ஆறு சனிக்கிழமை. முதல் பில் பணம் வருமுன் 21,000 ரூபாய் கைக்காசிலிருந்து போயிருக்கும். தொண்ணூறு நாள் ஆனால் பன்னிரண்டு சனிக்கிழமை, 42,000 ரூபாய். ஆள் வைத்து நொடித்தவர்கள் என்று பேசப்படுபவர்களில் பலருக்குக் காரணம் சம்பளம் அதிகம் என்பதல்ல, சம்பள நாளும் பில் வரும் நாளும் ஒன்றுசேராததுதான். முதல் ஆளைச் சேர்க்குமுன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லக்கூடிய அளவு மூன்று மாதச் சம்பளம். அது மிஷின் வாங்க வைத்த காசோடு கலக்கக்கூடாது.

அப்படியானால் பணம்தான் தடையா? சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் இலங்கையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தையல், பழுதுபார்ப்பு, பெட்டிக்கடை போன்ற மிகச்சிறு தொழில்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஆள் வைத்தால் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். பின்பு நான்கு ஆண்டுகள் அந்தத் தொழில்களைப் பின்தொடர்ந்தார்கள். 2019-இல் வெளியான முடிவு சிந்திக்க வைப்பது. மானியம் கிடைத்த வரை ஆள் சேர்த்தார்கள், தொழில் மூடப்படாமல் பிழைக்கும் வாய்ப்பும் கூடியது. மானியம் நின்றபின் ஆட்களின் எண்ணிக்கை பழையபடி ஆனது. விற்பனையும் லாபமும் உயரவே இல்லை. பொருள் உற்பத்தி செய்பவர்களிடம் மட்டும் விளைவு ஓரளவு நீடித்தது.

கானாவில் மோர்கன் ஹார்டியும் ஜேமி மெக்காஸ்லண்டும் செய்த சோதனை வேறு விதம். அங்கே தொழில் பழக வருகிற பையனோ பெண்ணோ உரிமையாளருக்கு நுழைவுப் பணம் கட்டுவது வழக்கம். அந்தக் கட்டணத்துக்குப் பதிலாக, வேலை தேடும் இளைஞர்கள் கூட்டங்களுக்கு வந்து போய்த் தங்கள் ஆர்வத்தைக் காட்டினால் போதும் என்று வைத்து, அவர்களைச் சிறு தொழில்களில் சேர்த்துவிட்டார்கள். சேர்த்துவிடுவதாகச் சொன்ன ஒவ்வோர் ஆளுக்கும் அந்தத் தொழிலின் லாபம் சுமார் பத்து விழுக்காடு கூடியது. இலங்கையில் கொடுத்தது காசு, கானாவில் கொடுத்தது தேர்ந்தெடுத்த ஆள். இரு நாடுகளின் இரு சோதனைகளை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. என்றாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: ஆள் வைக்கத் தயங்குகிறவரின் மனதில் சம்பளத்தைவிட, “இவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்பதே பெரிதாக நிற்கிறது.

விம்கோ நகரில் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் புழக்கத்தில் உள்ளது. “யார் சொல்லி வந்திருக்கே?” டீக்கடையில் சொல்லி வைப்பார்கள், வெல்டிங் ராடு விற்கும் கடையில் சொல்லி வைப்பார்கள், கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற ஃபோர்மேனிடம் கேட்பார்கள். சொன்னவர் பொறுப்பாகிறார். பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் சொன்னவரே அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பார். எந்தச் சான்றிதழும் தராத உறுதி இது. பட்டறைகள் இத்தனை காலம் இதை நம்பியே ஓடின.

ஆனால் இதில் அநீதியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. சொல்கிறவர் தன் தெருவை, தன் உறவை, தன் சாதியைத்தான் சொல்வார். குப்பத்துப் பையன், ஹவுசிங் போர்டு பையன் என்று முகவரியைக் கேட்டே கழிக்கப்படுகிறவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஐ.டி.ஐ. முடித்த பெண்ணை லேத்துக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு மேஸ்திரிதான் வாய், அந்த வாய்க்குக் கூலியிலிருந்து பங்கு போகிறது. கானாச் சோதனையில் சிபாரிசின் இடத்தை முயற்சி எடுத்துக்கொண்டது. இங்கேயும் அது முடியும். சம்பளம் கொடுத்து ஒரு வாரம் வேலை வாங்கிப் பார்ப்பது, ஓர் உண்மையான ஜாப்பைக் கொடுத்துக் கவனிப்பது, யார் அனுப்பினார் என்பதைவிட அதற்கு எடை கொடுப்பது. அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் இல்லை என்று சொல்கிறவர்களை நான் ஏற்கவில்லை. உழைப்பை இலவசமாக வாங்கிப் பார்த்துவிட்டு அனுப்பினால் அதற்குச் சோதனை என்று பெயர் சொல்ல முடியாது.

இன்னும் இரண்டு வழக்கங்கள். ஆள் ஓடிவிடக்கூடாது என்று ஐ.டி.ஐ. சான்றிதழின் அசலை வாங்கி மேசையில் பூட்டி வைப்பது ஒன்று. பெரிய முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை நகர முடியாமல் செய்வது மற்றொன்று. கடனைக் காட்டி உழைப்பைக் கட்டிப்போடுவதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்கிறது. “பையன்” என்று சொல்லிச் சிறுவனைச் சேர்ப்பதும் அப்படியே: குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எந்தத் தொழிலிலும் சம்பளத்துக்கு வைக்கக்கூடாது, பதினெட்டுக்கு உட்பட்டவரை ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது.

சட்டம் என்றதும் சிறு முதலாளிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பத்து பேர் ஆகும் வரை நமக்கு எதுவும் இல்லை. பாதி உண்மை. இ.எஸ்.ஐ. பத்துப் பேரிலிருந்து, பி.எஃப். இருபது பேரிலிருந்து கட்டாயம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின்னும் இந்த எண்கள் மாறவில்லை. ஆனால் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் எத்தனை ஆள் என்று கேட்பதில்லை. வியாபாரமோ வாடிக்கையாளருக்குச் சேவையோ நடக்கும் இடம் அதற்குக் கடை. அங்கே ஒருவர் வேலை செய்தாலும் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. 2021-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி உட்கார இருக்கையும் தர வேண்டும். இச்சட்டத்தின் 41-ஆம் பிரிவு முதல் ஆளை வைக்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. தவறு செய்தார் என்று நீக்குவதானால் விசாரித்து, சாட்சியத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமானது விபத்து. விம்கோ பிறந்த அதே 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் உள்ளன. மின்சாரத்தில் ஓடும் உற்பத்திப் பட்டறையில் ஒரே ஆள் இருந்தாலும் அவருக்கு உரிமை உண்டு. கணக்கு எப்படிப் போகும் என்று பார்ப்போம். இருபத்தைந்து வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பளம். அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கெண் 216.91. வேலையில் இறந்தால் பாதிச் சம்பளத்தை அதனால் பெருக்க வேண்டும்: 16,26,825 ரூபாய். லேத்தில் சுட்டுவிரல் முழுதாகப் போனால் உழைப்புத் திறன் இழப்பு நூற்றுக்கு 14 என்பது அட்டவணைக் கணக்கு, இறப்புக்கு வேறான ஊன விகிதத்தில் ஏறத்தாழ 2,73,300 ரூபாய். ஒரு பழைய லேத்தின் விலையே சில நேரம் அவ்வளவு வராது. இ.எஸ்.ஐ. உள்ள பெரிய ஆலையில் இந்தச் சுமையைக் கழகம் ஏற்றுக்கொள்கிறது. பத்துக்குக் குறைந்த பட்டறையில் ஓனர் தலையில்தான் விழும். இதற்கென்றே பணியாளர் இழப்பீட்டுப் பாலிசிகள் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. அது இல்லாமல் சுழலும் மிஷினின் முன் ஒருவரை நிறுத்துவது இரு குடும்பங்களையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும்.

அரசு உதவி எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் முதல் ஆள் எவ்வளவு தனியாக விடப்பட்டிருக்கிறார் என்பது விளங்கும். தொழிற்பழகுநர் சட்டத்தின் 2019 விதிகளின்படி, நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் பழகுநரை எடுக்கலாம், முப்பது முதல் கட்டாயம். நான்குக்குக் கீழ் இடமில்லை. 2025 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய பிரதமரின் விக்சித் பாரத் ரோஸ்கர் திட்டம் புதிய ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குத் தருகிறது. ஆனால் நிறுவனம் பி.எஃப். பதிவு பெற்றிருக்க வேண்டும், ஐம்பதுக்குக் குறைந்தவர்கள் உள்ள நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். லேத் பட்டறைக்காரர் முதலில் ஒருவரைத்தான் சேர்க்க முடியும். இலங்கைச் சோதனையில் மானியம் ஓரளவேனும் நீடித்துப் பயன் தந்தது உற்பத்தியாளர்களிடம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், வடசென்னையின் பட்டறைகள்தான் இத்தகைய உதவிக்கு முதல் தகுதி பெற்றவை. அவற்றை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பது திட்டம் வகுத்தவர்களின் பிழை என்றே நான் கருதுகிறேன்.

ஒரு எண்ணைத் தாண்டினால் பொறுப்பு, தாண்டாவிட்டால் சலுகை என்று வைக்கும்போது தொழில்கள் அந்த எண்ணுக்குக் கீழேயே நின்றுவிடுவதும் உண்டு. விம்கோவின் போட்டியாளரான தென்மாவட்டத் தீப்பெட்டித் தொழில் இதற்குப் பழைய சாட்சி. உற்பத்தி அளவுக்கு ஏற்பக் கலால் வரி அடுக்குகள் வைக்கப்பட்டன. கைத்தொழில் பிழைக்க அது உதவியது. கூடவே, ஒன்று பெரிதாவதற்குப் பதில் பல சிறு அலகுகளாகப் பிரிந்து பெருகவும் அது வழி செய்தது. இந்தியத் தொழிற்கூடங்கள் வயதாகியும் வளர்வதில்லை என்று சாங்-தாய் ஷியேயும் பீட்டர் க்ளெனோவும் 2014-இல் காட்டினார்கள். அமெரிக்காவில் நாற்பது வயதான தொழிற்கூடத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்டதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலும் மெக்சிகோவிலும் அது ஏறத்தாழ இரண்டு மடங்கோடு நிற்கிறது.

“ஆள் இல்லாத” பட்டறை என்று கணக்கெடுப்பு சொல்லும்போது ஒருவர் மறைந்துபோகிறார். பில் எழுதுவதும், போனை எடுப்பதும், ஓனர் வெளியே போனால் கல்லாவில் உட்காருவதும், சரக்கு வந்தால் எண்ணி வைப்பதும் பெரும்பாலும் மனைவிதான். சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, வீட்டு வேலை குறைவதும் இல்லை. முதல் ஆளைச் சேர்ப்பதை உரிமையாளர் தன் சுமை குறைவதாகவே எண்ணுகிறார். பல வீடுகளில் உண்மையில் குறைய வேண்டியது இந்தச் சுமைதான். மனைவி ஏற்கெனவே தொழிலை அறிந்தவர் என்றால், வெளியாளுக்குக் கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியை அவர் பெயரில் வங்கிக் கணக்கில் போட்டு, அதை முறையான சம்பளமாகவே கணக்கில் எழுதலாம். அப்போது தொழிலின் உண்மையான லாபம் எவ்வளவு என்பதும் முதல்முறையாகத் தெரியவரும்.

2021 பிப்ரவரி 14-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. இனி பட்டறைக்காரர் ஆளுக்காகப் போட்டியிடுவது அடுத்த சந்துப் பட்டறையோடு மட்டும் இல்லை. அண்ணா சாலை ஷோரூமும் உணவு டெலிவரி ஆப்பும் அதே இளைஞனைக் கூப்பிடுகின்றன. சம்பளத்தில் அவற்றோடு மோத முடியாவிட்டாலும் பட்டறையால் தரக்கூடியது ஒன்று இருக்கிறது. கையில் தொழில் ஏறும். அது இளைஞனுக்குத் தெரிய வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும், முடிந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, எத்தனை மணி, எந்தக் கிழமை விடுமுறை, எந்த நாளில் எவ்வளவு, ஓவர்டைமுக்கு என்ன, எத்தனை மாதத்தில் டிரில்லிங், எப்போது லேத், அப்போது சம்பளம் எவ்வளவு கூடும். இருவர் கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி. சேரும் அன்றே அவரை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துவிடலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் அவருடைய வங்கிக் கணக்கிலேயே எடுக்கலாம். அந்தத் தொகையை ஓனரே கட்டலாம். இவை இழப்பீட்டுப் பாலிசிக்கு மாற்று அல்ல, அதற்கு மேல் வருபவை.

ஐந்தாம் மாத முடிவில் இருவரும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 41-ஆம் பிரிவின் ஆறு மாதம் நெருங்குவதால் ஓனருக்கு அது தேவை. சொன்ன டிரில்லிங் கற்றுத் தரப்பட்டதா என்று கேட்க வேலையாளுக்கும் அது தேவை.